"ஒலி ராக்கெட்" என்றால் சத்தம் போடும் ராக்கெட்டா? கூடவே தும்பா பற்றி மாமியார் சொன்ன ஒரு கதை

குளச்சல் ஜெனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இது அறிவியல் கேள்வியா, குடும்பக் கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே போடுகிறேன்.

மகள் எட்டாவது படிக்கிறாள். வினாடி வினாவுக்காக ஒரு கையேடு வாங்கிக் கொடுத்தேன். அதில் "தும்பாவில் இருந்து ஏவப்படுபவை ஒலி ராக்கெட்டுகள்" என்று ஒரு வரி. (தும்பா திருவனந்தபுரம் பக்கத்தில் கடற்கரையில் இருக்கும் ராக்கெட் தளம்.) அதோடு சரி, விளக்கம் கிடையாது. இவள் உடனே நோட்டில் ஒரு படம் வரைந்துவிட்டாள்: ராக்கெட்டின் மூக்கில் திருவிழா ஸ்பீக்கர். "அம்மா, மேலே போய் யாருக்குப் பாட்டு போடும்?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தப் பேச்சு ஓடும்போது மாமியார் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "தும்பாவா? அவனுவ முதல்ல விட்டத நான் பாத்திருக்கேன்" என்றார். அப்போது அவருக்கு ஒன்பது, பத்து வயது இருக்குமாம். வெயில் தாழ்ந்து, விளக்கு வைக்கிற நேரம். வானத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புகை தோன்றி, வரவரப் பெரிதானதாம். கரையில் நின்றவர்கள் பயந்து முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னார்களாம். "அது வால்நட்சத்திரம். இவள் எல்லாவற்றையும் சேர்த்துக் குழப்புவாள்" என்கிறார் மாமனார். இரண்டு நாளாக வீட்டில் இதே வழக்குதான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒலி ராக்கெட் என்றால் என்ன? மாமியார் பார்த்தது என்ன? தும்பாவில் ராக்கெட் விடுவதை நாம் போய்ப் பார்க்க முடியுமா?

தோவாளை பூக்காரன் எழுதியது:

அது மகேந்திரகிரியாக இருக்கும் அக்கா. ராக்கெட் என்றால் நமக்குப் பக்கத்தில் அதுதானே. எங்கள் கடை வாசலில் நின்றாலே அந்த மலை தெரியும்.

கருங்கல் வாத்தியார் எழுதியது:

தம்பி, மகேந்திரகிரி இல்லை. அங்கே என்ஜினைக் கட்டிவைத்து எரித்துப் பார்ப்பார்கள், ராக்கெட் மேலே போவதில்லை. தவிர, தும்பாவில் முதல் ராக்கெட் போன 1963-ல் அந்த மலையடிவாரத்தில் இஸ்ரோவும் இல்லை, எதுவும் இல்லை.

ஜெனி, உங்கள் மாமியார் சொன்னது முழு உண்மை. வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது என்று மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். நான் முப்பத்தோரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தும்பாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். "ஒலி ராக்கெட்" என்று எழுதியவர் அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறார், கடலைப் பார்த்து எழுதவில்லை. ஆங்கிலத்தில் "சவுண்டிங்" என்றால் கப்பல்காரர்கள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பது. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் வேறு வேர்ச்சொற்கள், எழுத்து மட்டும் ஒன்றாகிவிட்டது. கப்பல்காரன் கீழே குண்டை இறக்கி ஆழம் பார்த்தான், இவர்கள் மேலே ராக்கெட்டை விட்டு வானத்தின் ஆழம் பார்க்கிறார்கள். நான் வகுப்பில் "ஆழம் பார்க்கும் ராக்கெட்" என்றுதான் சொல்லிவந்தேன். உங்கள் மகள் ஸ்பீக்கரை அழித்துவிட்டு ஒரு கயிறும் குண்டும் வரையட்டும்.

இந்த ராக்கெட் எதையும் சுற்றுப்பாதையில் நிறுத்தாது. மேலே போகும், அளக்க வேண்டியதை அளக்கும், கடலில் விழும். அதன் வேலை அவ்வளவுதான். "விழுந்துவிட்டதா? அப்போ தோல்வியா சார்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். கல்லைச் செங்குத்தாக மேலே எறிந்தால் திரும்பி வரத்தானே செய்யும். இப்போது தும்பாவில் அடிக்கடி விடும் ஆர்.எச்-200 என்ற ராக்கெட் 70, 80 கிலோமீட்டர் உயரம் வரை போகிறது. அந்த உயரத்துக்கு எறிய நொடிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் வேகம் ஏறக்குறையப் போதும். செயற்கைக்கோள் விழாமல் பூமியைச் சுற்ற வேண்டும் என்றால் நொடிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓட வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. பெயரில் இருக்கும் எண் ராக்கெட்டின் விட்டம், மில்லிமீட்டரில். 200 என்றால் ஒரு சாண் அகலம். நம் நாட்டில் செய்த முதல் ராக்கெட் ஆர்.எச்-75, 1967 நவம்பர் 20-ல் போனது. 75 மில்லிமீட்டர் என்றால் மூங்கில் கழி தடிமன்தான். அந்த மூங்கில் கழியில் தொடங்கியவர்கள்தான் பிறகு நிலாவுக்குப் போனார்கள்.

சரி, 80 கிலோமீட்டர் போய் என்ன கிடைக்கிறது என்று கேட்பீர்கள். காற்றை அளக்கும் பலூன் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஏறாது, வெடித்துவிடும். செயற்கைக்கோள் இருநூறு கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் காற்று உரசி வேகம் குறைந்து சில நாட்களில் விழுந்துவிடும். இடையில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளிக்குள் நேரே போய்த் தொட்டு அளக்க ராக்கெட்டை விட்டால் வழி இல்லை. ஆர்.எச்-200 உச்சிக்குப் போனதும் செம்பு இழைகளை உதறிவிடும். மயிர் போல மெல்லிய துண்டுகள். ரேடார் அலையின் அளவுக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டி அடுக்கியிருப்பார்கள். அவை ஒரு கூட்டமாகக் காற்றோடு அலைந்து இறங்கும், ரேடார் பின்னாலேயே போகும். இழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் காற்று. மேட்டில் நின்று ஒரு பிடி உமியைத் தூவிக் காற்றுப் பார்க்கிற அதே கணக்கு.

இனி மாமியார் பார்த்தது. 1963 நவம்பர் 21, வியாழக்கிழமை, மாலை 6.25. தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் போனது அப்போதுதான். பெயர் நைக்-அப்பாச்சி. ராக்கெட் அமெரிக்கா கொடுத்தது, உள்ளே இருந்த சோடியம் கருவி பிரான்ஸ் கொடுத்தது. மேலே போனதும் சோடியத்தைச் சூடாக்கி ஆவியாக வெளியே விட்டார்கள். பழைய தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் நினைவிருக்கிறதா? அதுவும் சோடியம்தான், அதே நிறம்தான். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. குளச்சலில் இருந்து தும்பா நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டர்தான். அந்தச் சோடியம் ஆவி மேகம் நூறு கிலோமீட்டருக்கும் மேலே. வானத்துக்கு எல்லை ஏது, நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஏன் விளக்கு வைக்கிற நேரம்? அந்த நேரத்தில் நமக்குச் சூரியன் மறைந்து இருட்டத் தொடங்கியிருக்கும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இன்னும் வெயில் அடிக்கும். அந்த வெயிலை வாங்கித்தான் சோடியம் மஞ்சளாக ஒளிர்கிறது. நாம் இருட்டில் நிற்பதால் அது பளிச்சென்று தெரிகிறது. பகலில் விட்டால் கண்ணுக்கே தெரியாது, நள்ளிரவில் விட்டால் வெயில் இல்லை. பயந்து ஜெபித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்னறிவிப்பு இல்லாமல் பார்த்திருந்தால் நானும் முழங்கால் போட்டிருப்பேன்.

மாமனாருக்கும் ஒரு நியாயம் உண்டு. 1965 அக்டோபர் கடைசியில் இக்கேயா-செக்கி என்ற பெரிய வால்நட்சத்திரம் வந்தது. ஆனால் நீண்ட வாலோடு அது தெரிந்தது விடியலுக்கு முன்னால். மாமியார் சொல்வது சாயங்காலம். ஆக இருவரும் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று.

ஒரு வேண்டுகோள்: மேகம் எந்தத் திசையில் தெரிந்தது, என்ன உருவத்தில் இருந்தது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். நேரில் பார்த்தவர்கள் இனி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்.

தோவாளை பூக்காரன் எழுதியது:

சார், கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். இவ்வளவு பெரிய நாட்டில் தும்பாவை ஏன் பிடித்தார்கள்? கேரளாக்காரர்கள் அப்போதே சிபாரிசு பிடித்துவிட்டார்களா?

கருங்கல் வாத்தியார் எழுதியது:

சிபாரிசு செய்தது பூமியின் காந்தம். காந்த ஊசியைத் தொங்கவிட்டால் நம் ஊர்ப் பக்கம் அது மேலும் சாயாது, கீழும் சாயாது, மட்டமாக நிற்கும். அதாவது காந்த நடுக்கோடு இந்த வழியாகத்தான் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே நூறு, நூற்றிப்பத்து கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதை உள்ளே போய் அளக்க வேண்டும் என்றுதான் விக்ரம் சாராபாய் இந்தக் கரையைத் தேடி வந்தார். விழுவதற்குக் கடலும் பக்கத்தில் இருந்தது. தும்பாவில் நடுவில் நின்றது புனித மகதலேனா மரியாள் தேவாலயம். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மக்களிடம் பேசி, கோயிலையும் ஊரையும் விட்டுக்கொடுக்கச் செய்தார். அந்தக் கோயில்தான் அவர்களின் முதல் அலுவலகம், இப்போது அருங்காட்சியகம்.

இதைவிடப் பழைய கதை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1855-ல் அகத்தியர் மலை உச்சியில் காந்தம் அளக்க ஒரு கொட்டகை போட்டார். யானையும் அட்டையும் நிறைந்த காட்டைத் தாண்டி கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தும்பாவுக்கு நூறு வருடத்துக்கு முன்னாலேயே காந்தக்கோட்டின் மேல் ஒருவர் கண் வைத்திருந்தார் என்று அர்த்தம். நம் மாவட்டத்தில் பிறந்து இஸ்ரோ தலைவர் ஆனவர்கள் மூன்று பேர் என்று எல்லோரும் பெருமை பேசுகிறோம்: குலசேகரத்தில் பிறந்த மாதவன் நாயர், சரக்கல்விளை சிவன், இப்போது நாராயணன். பேசட்டும், நல்லதுதான். ஆனால் நம் தலைக்கு மேலே ஓடும் அந்த மின்னாற்றைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை என்பது என் பழைய குறை.

தூத்தூர் கடலோடி எழுதியது:

வாத்தியார் ஆழம் பார்க்கிறதைச் சொன்னதும் எங்கள் பாட்டா ஞாபகம் வந்தது. ஜி.பி.எஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் வருவதற்கு முந்தைய ஆள். கயிற்றில் ஈயக்கட்டியைக் கட்டி இறக்குவார். கயிறு தளர்ந்ததும் கையை விரித்து விரித்துப் பாகம் எண்ணிக்கொண்டே இழுப்பார். கட்டி மேலே வந்ததும் அதன் அடியை விரலால் தடவி முகர்ந்து பார்ப்பார். சேறு என்றால் ஒரு வலை, மணல் என்றால் வேறு வலை, கட்டி அடிபட்டு வந்தால் பார் (கடலடிப் பாறை) இருக்கிறது, வலையைப் போடாதே என்பார். எவ்வளவு ஆழம் என்பது மட்டும் இல்லை, கீழே என்ன இருக்கிறது என்பதும் அந்தக் கட்டியில் ஒட்டி வரும். இப்போது போட்டில் இருக்கிற எக்கோ சவுண்டர் உண்மையிலேயே சத்தத்தை விட்டுத்தான் ஆழம் பார்க்கிறது. அதனால் கையேடு எழுதியவரை ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை.

ராக்கெட் விடும் நாளில் அந்தக் கரையில் குறிப்பிட்ட இடத்துக்குள் போகாதே என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் போட் ஆழ்கடலுக்குப் போகிறது, போனால் மாதக்கணக்கு. நமக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ஒரு சந்தேகம் சார். இருட்டில் மேகத்தைப் பார்த்தால் அழகாக இருக்கும். அது எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கருங்கல் வாத்தியார் எழுதியது:

நீங்கள் பாரைக் கண்டுபிடிக்கிற வழியில்தான். கோயில் கோபுரமும் பின்னால் ஒரு மலையும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு தென்னந்தோப்பும் வேறொரு மலையும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார். சரிதானே? அவர்களும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் பல இடங்களில் கேமராவை வைத்தார்கள். பின்னால் தெரியும் நட்சத்திரங்கள்தான் அவர்களுக்கு மலையும் கோபுரமும். இரண்டு படத்திலும் மேகத்தின் அதே முனையை எடுத்துக் கோடு போட்டால் உயரம் கிடைத்துவிடும்.

பிரெமன் குளிர் எழுதியது:

மார்த்தாண்டத்துக்காரன், இப்போது ஜெர்மனியில் படிக்கிறேன். இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே டி.எல்.ஆர் என்று ஜெர்மனியின் தேசிய வான்வெளி ஆய்வு மையம் இருக்கிறது. அதற்குள் மொராபா என்று ஒரு பிரிவு. நடமாடும் ராக்கெட் தளம் என்று அர்த்தம், 1967-ல் இருந்து இருக்கிறது. ஏவுகருவி, ரேடார், ஆன்டெனா எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய், எங்கே வேண்டுமோ அங்கே ராக்கெட் விடுவார்கள். கச்சேரிக்குப் போகும் செட்டு மாதிரி. பெரும்பாலும் வடக்கு சுவீடனில் கிருனா பக்கத்தில் இருக்கும் எஸ்ரேஞ்சில் விடுகிறார்கள். நம் தும்பாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் என்னவென்றால், தும்பாவில் போனது கடலில் போய்விடும். இங்கே அது பாராசூட்டில் பனிக்காட்டில் இறங்கும், ஹெலிகாப்டரில் போய் எடுத்து வந்துவிடுவார்கள். அதனால் உலோகத்தை உருக்கிப் பார்ப்பது, செல்களை வைத்துப் பார்ப்பது மாதிரியான சோதனைகளை மேலே அனுப்பித் திரும்ப வாங்குகிறார்கள். டெக்சஸ் என்ற வரிசை 1977-ல் இருந்து ஓடுகிறது, ஒரு தடவை போனால் ஆறு நிமிடம் எடையின்மை. ஆறு நிமிடத்துக்காக வருடக்கணக்கில் தயார் செய்கிறார்கள்.

ரெக்சஸ் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு ராக்கெட்டும் இருக்கிறது. டி.எல்.ஆரும் சுவீடன் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. அது போவதும் கிட்டத்தட்ட ஆர்.எச்-200 போகும் உயரம்தான். என் கூடப் படிப்பவர்கள் செய்த ஒரு பெட்டி அதில் போனது. பெட்டி திரும்பி வந்ததும் திறந்து பார்த்தார்கள். நினைவு அட்டையை இயக்கும் சின்ன சுவிட்சை ஒருவர் போட மறந்திருந்தார். தரவு பூஜ்ஜியம். அவன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

கருங்கல் வாத்தியார் எழுதியது:

பாவம் அந்தப் பையன். சுவிட்ச் மறந்த கதை ராக்கெட் விடுகிற எல்லா ஊரிலும் இருக்கும்.

ஜெனி, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை, காலை 11.45-க்கு ஆர்.எச்-200 விடுவதைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பது வழக்கம். புதன்கிழமை கணக்கும் பழசு: 1970 முதல் 1993 வரை சோவியத்தின் எம்-100 ராக்கெட்டை அங்கே வாராவாரம் புதன்கிழமைதான் விட்டார்கள். கிளம்புவதற்கு முன் அந்த மாதம் உண்டா என்று விசாரித்துவிடுங்கள். அடையாள அட்டை கட்டாயம், பிள்ளைக்குப் பள்ளி அட்டை. குழித்துறையில் ரயில் ஏறித் தம்பானூரில் (திருவனந்தபுரம் ரயில் நிலையம்) இறங்கி, கிழக்கேகோட்டையில் தும்பா பஸ் பிடியுங்கள். பதினொரு மணிக்கு முன்பே அருங்காட்சியக வாசலில் இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், டிவியில் பார்ப்பது மாதிரி இருக்காது. ஒரு தடவை நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு போனேன். எண்ணிக்கை இறங்கி வருகிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். ஒருவன் மட்டும் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது என்று குனிந்தான். நிமிர்ந்தபோது வெள்ளைப் புகைக்கோடு மட்டும்தான் இருந்தது. ராக்கெட் போய்விட்டது. முதலில் வெளிச்சம், அப்புறம்தான் சத்தம் வரும், அதுவும் நெஞ்சில் அடிக்கிற மாதிரி. அந்த இடைவெளியை எண்ணச் சொல்லித் தூரத்தைக் கணக்குப் போட வைத்தேன். அவனுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை, சத்தம் மட்டும் கிடைத்தது. "அப்போ எனக்கு இது ஒலி ராக்கெட்தான் சார்" என்றான். அடிக்கவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

இன்னொரு தடவை காற்று சரியில்லை என்று தள்ளிப்போட்டுவிட்டார்கள். இந்த ராக்கெட்டில் திசை திருப்பும் கருவி கிடையாது. காற்றுக்குத் தக்கபடி ஏவுகருவியைச் சாய்த்து வைத்துதான் விடுவார்கள், வரம்பை மீறிக் காற்றடித்தால் விட மாட்டார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பஸ் வாடகையை யார் தருவது என்று பள்ளியில் நடந்த சண்டையை இங்கே எழுதவில்லை. இத்தனைக்கும் அந்த ராக்கெட் நம்பகமானது. 2022 நவம்பர் 23-ல் தொடர்ந்து இருநூறாவது தடவையாகப் பழுதில்லாமல் போனது.

குளச்சல் ஜெனி எழுதியது:

சார், மிக்க நன்றி. மாமியாரிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன எதையும் முன்கூட்டிச் சொல்லாமல்தான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கடலப் பாத்து நின்னா வலது கை பக்கம். சூரியன் விழுந்த எடத்துக்கும் வலது பக்கம். மொதல்ல கம்பு மாதிரி நேரா ஒரு கோடு. கொஞ்ச நேரத்துல அது வளஞ்சுது. மேல ஒரு பக்கம் இழுக்கு, நடுவுல இன்னொரு பக்கம் இழுக்கு, பாம்பு போறது மாதிரி. அப்புறம் பஞ்சு மாதிரி கலஞ்சு போச்சு."

பாம்பு மாதிரி வளைந்தது என்பதை மட்டும் மாமனார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. புகை அப்படி எதிரும் புதிருமாக வளையுமா?

கருங்கல் வாத்தியார் எழுதியது:

வளையும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலே காற்று வீசும். ஒரு அடுக்கில் கிழக்கே, அதற்குச் சில கிலோமீட்டர் மேலே மேற்கே. நேராக விட்ட கோட்டை ஒவ்வொரு அடுக்கும் அதனதன் பக்கம் இழுக்கும். அந்த வளைவைப் படமெடுத்து அளப்பதற்காகத்தான் அன்று சோடியத்தை விட்டார்கள். உங்கள் மாமியார் அதைக் கேமரா இல்லாமல் பார்த்து வைத்திருக்கிறார். திசையும் சரி, தும்பா உங்களுக்கு வடமேற்கு.

மூன்றாவது புதன்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பு வாரை மட்டும் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.